விட்டுப்போன ஒரு சொல்

வேம்புலியம்மாள் எழுதிக் கொடுத்த பேச்சில் கோதண்டம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டார். கேட் ஓரமாகக் கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு அது உடனே உறைத்தது. ஆனால் கைதட்டல் பலமாக இருந்தது. சரி, போகட்டும் என்று அவளும் சேர்ந்து தட்டினாள். அது 1987 ஜூலையில் ஒரு புதன்கிழமை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியின் வார்னிஷ் ரூம் தீப்பிடித்து எரிந்தது.

வேம்புலிக்கு அப்போது இருபத்தேழு வயது. சொந்த ஊர் வெள்ளானூர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நடவு, களையெடுப்பு என்று உழைத்தவர்கள். நிலங்கள் மனைகளாகி எல்லைக்கல் முளைத்தபோது அந்த வேலையும் போனது. வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். நாலு வருடம் தினக்கூலி. ஐந்தாவது வருடம்தான் தகுதிகாண் காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

அவள் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். ஆவடியில் பஸ் மாறி நின்றுகொண்டே போகும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையில் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பாள். மற்றவர்கள் வேப்பங்காயாய் ஒதுக்கும் அணி இலக்கணம் அவளுக்குப் பிடித்துப்போனது. காரணம், அதில் படித்ததெல்லாம் அவளோடு காயில் சுற்றும் பெண்கள் வாயில் தினமும் வந்துகொண்டிருந்தது. “நம்ம சூப்பர்வைசரு தங்கமான மனுசன்டி, எட்டு மணி நேர வேலய ஒம்போது மணி நேரமா நீட்டிக் குடுக்கிறாரு பாரு” என்று ஒருத்தி சொன்னால், வேம்புலி மனசுக்குள் ‘வஞ்சப் புகழ்ச்சி’ என்று சொல்லிக்கொள்வாள். “அவ சிரிச்சா கரையான்சாவடி வரைக்கும் கேக்கும்” என்றால் உயர்வு நவிற்சி. பெயர் தெரிந்ததும் அந்தப் பேச்சின் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

கோதண்டம் லேத் பிரிவில் மூத்த தொழிலாளி, சங்கத்தின் துணைச் செயலாளர். குரல் மைக் இல்லாமலே ரோடு வரை போகும். ஆனால் நாலு வரிக்கு மேல் கோர்வையாக வராது. ஒரு வருடமாக அவருடைய கேட் மீட்டிங் பேச்சை எழுதித் தருவது வேம்புலி. அது அவர்கள் இருவருக்கும் அவள் புருஷன் தங்கவேலுக்கும் மட்டுமே தெரியும். தகுதிகாண் காலத்தில் இருப்பவளைக் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

அந்த முறை கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சுற்றிய காயில்களை வார்னிஷில் முக்கிச் சூடேற்றும் அறையில் புகை வெளியே போக வழி கிடையாது. பெண்கள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஜூன் மாதம் ஒருத்தி மயங்கி விழுந்து மண்டை உடைந்தது. புகையை இழுத்து வெளியேற்ற ஒரு பெரிய ஃபேன் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வேம்புலி இப்படி எழுதினாள்:

‘கோபத்தீ இந்த வார்னிஷ் ரூமில் தொடங்கியது. மேனேஜர் ரூம் வரைக்கும் அது வரும். அந்தத் தீயை அணைக்கத் தண்ணி லாரி வேண்டாம், ஒரே ஒரு ஃபேன் போதும்.’

கோதண்டம் பேசியதோ இப்படி: “தீ இந்த வார்னிஷ் ரூம்ல ஆரம்பிக்கும்! மேனேஜர் ரூம் வரிக்கும் வரும்!” அதற்கே விசில் பறந்தது. ஃபேன் வரியையும் அவர் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அந்த இரைச்சலில் முன்வரிசையைத் தாண்டி யார் காதிலும் அது விழவில்லை.

தீயில் நாலு டிரம் வார்னிஷும் அறையின் கூரையும் போயின. அணைக்கப் போன வாட்ச்மேன் துலுக்கானத்துக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. திங்கட்கிழமை போலீஸ் வந்தது. செவ்வாய்க்கிழமை கோதண்டத்தை சஸ்பெண்டு செய்து சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள். ‘தீ வைக்கப்போவதாகப் பகிரங்கமாக மிரட்டி, மற்றவர்களைத் தூண்டினார்’ என்பது குற்றச்சாட்டு. அவர் பேசிய இரண்டு வரியும் மேற்கோள் குறிக்குள் இருந்தன. உள்விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும். அந்தத் தாளைப் போலீஸ் எடுத்துக்கொண்டால் ஜெயிலும் உண்டு.

அன்று சாயங்காலமே கோதண்டம் வெள்ளானூருக்கு வந்தார். அவருடைய சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

“கூட வேல செய்ற ஒருத்தர விசாரணைக்குத் தொணைக்கி வெச்சிக்கலாமாம், வேம்பு. சங்கத்துல எல்லாரையும் கேட்டுட்டேன். போலீஸ் வந்ததுலேர்ந்து ஒருத்தனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறான்.”

வேம்புலி சார்ஜ் ஷீட்டை வாங்கிப் படித்தாள். “அண்ணா, நான் எழுதுனது கோபத்தீ. நீங்க கோபத்த உட்டுட்டீங்க.”

“உட்டேனா? நான் சொன்னா மாதிரிதான் ஞாபகம் கீது.”

“சொல்லல. நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். ‘தொடங்கியது’ன்னு எழுதுனதயும் ‘ஆரம்பிக்கும்’னு மாத்திட்டீங்க.”

“சரி, உட்டேன்னே வெச்சிக்க. நீ அங்க வந்து, சொன்னாருன்னு சொல்லிட்டா முடிஞ்சிது.”

“தொணைக்கி வரேன்ணா. பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் போனதும் தங்கவேல் வெடித்தான். அவன் அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் டெம்போ ஓட்டுபவன். சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவன் இல்லை. “உன் பேரு அதுல எங்கனா கீதா? இல்ல இல்ல? மூணு மாசம் வாய மூடிகினு இருந்தா பர்மனென்ட்டு. நீ இன்னாத்துக்குப் போய்த் தலயக் குடுக்கிற?”

“எழுதுனது நான்.”

“பேசுனது அவுரு!”

உண்மையில் அவளை அரித்துக்கொண்டிருந்தது வேலை பற்றிய பயம் மட்டுமில்லை. அந்தக் கூட்டத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அவர்களில் எவனாவது அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் நெருப்பு வைத்திருந்தால்? ‘வார்னிஷ் ரூம்’ என்ற சொல் அந்த இடத்தில் கணீரென்று விழுந்ததால்தான் அதைப் போட்டாள். எழுதும்போது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துலுக்கானம் இரண்டு கையையும் கட்டோடு வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“எப்பிடிப் புடிச்சிது, நைனா?”

“நான் இன்னாத்தக் கண்டேன்? பொக வந்துது, ஓடனேன். யாரயும் பாக்கல. போலீசாண்டயும் அதான் சொன்னேன்.”

“கோதண்டம் அண்ணன் பேசுனதாலன்னு சொல்றாங்க.”

“எவன் பேசுனா எனக்கின்னாம்மா? எல்லாரும் வவுறு எரியுது, நெஞ்சு எரியுதுன்றீங்க. எனுக்கு நெசமாவே கை எரியுது.”

வேம்புலி வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாக அவர் வாயில் போட்டாள்.

விசாரணை அடுத்த வாரம் கம்பெனியின் மாடி அறையில் தொடங்கியது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கம்பெனி தரப்பில் பர்சனல் ஆபீசர் உலகநாதன். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட். பேசுவதெல்லாம் தாளில் ஏறும்; ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வேம்புலி உள்ளே நுழைந்ததும் உலகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா? காயில் செக்ஷன்தானே? புரொபேஷன்ல இருக்கே இல்ல?”

“ஆமா சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஃபைலைப் பிரித்தார்.

முதல் சாட்சி சூப்பர்வைசர் கோவிந்தன். மேலிடத்து உத்தரவுப்படி கேட் அருகில் நின்று, பேசியதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். சார்ஜ் ஷீட்டில் இருக்கும் இரண்டு வரியும் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான். கோதண்டம் அப்படித்தான் பேசினார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

குறுக்கு விசாரணைக்கு வேம்புலி எழுந்தாள்.

“பேசுனது முழுசும் எழுதினீங்களா சார்?”

“முழுசும் எழுதினேன். ஒண்ணு விடல.”

“அந்த நோட்ட இங்க வெக்கச் சொல்லணும் சார்” என்று அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

உலகநாதன் குறுக்கிட்டார். “தேவையானதை எடுத்துக் கொடுத்தாச்சு சார். மீதியெல்லாம் வழக்கமான கோஷம்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நோட்டு எதுக்கும்மா?”

“இந்த ரெண்டு வரிக்கு அப்புறம் இன்னொரு வரி கீது சார். அது இல்லாம இதுக்கு அர்த்தம் மாறிப்போவுது.”

“அடுத்த வரி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துல ஒரே சத்தம்னு உங்க தரப்புப் பதில்லயே எழுதிக் கொடுத்திருக்கீங்களே.”

வேம்புலி கோதண்டத்தைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. டைப்பிஸ்டின் விரல்கள் சாவிகளின் மேல் காத்திருந்தன.

“அந்தப் பேச்ச எழுதிக் குடுத்தது நான்தான் சார்.”

டைப்பிஸ்ட் அடித்தாள். உலகநாதன் ஒரு துண்டுத்தாளில் என்னவோ குறித்து மடித்துப் பையில் வைத்தார். நோட்டை மறுநாள் இரண்டு மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதும் அவளுக்கு நோட்டின் நினைப்புத்தான். கோவிந்தன் காதில் அந்த வரி விழுந்திருக்குமா? விழுந்து எழுதியிருந்தாலும், ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட எவ்வளவு நேரம் ஆகும்? பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தாள். பத்துத் தடவை படித்த பக்கம்தான். உவமையில் ‘போல’ வரும். கோபம் வேறு, தீ வேறு. உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்: கோபத்தீ. அதற்குப் பிறகு இன்னொன்று இருந்தது. சொல்ல வந்த பொருளை மறைத்துவிட்டு, அதற்கு ஒப்பானதை மட்டும் சொல்வது. கேட்பவர் தானாகப் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயர் பிறிதுமொழிதல். அவள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ‘கோபம்’ என்பதை எடுத்துவிட்டுத் தீயை மட்டும் சொன்னபோது கோதண்டம் தனக்கே தெரியாமல் செய்தது அதைத்தான். ஆனால் பொருளை மறைத்துவிட்டால், அது இன்னதென்று காட்ட அக்கம்பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தீ வெறும் தீதான். எல்லாம் அந்த மூன்றாவது வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நோட்டு வந்தது. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டி வாய்விட்டுப் படித்தார்.

“தீ இந்த வார்னிஷ் ரூமில் ஆரம்பிக்கும். மேனேஜர் ரூம் வரைக்கும் வரும். தீ அணைக்க தண்ணி லாரி வேண்டாம். ஒரு பேன் போதும்.” அவர் நிமிர்ந்தார். “பேனா? தலையில இருக்குமே, அதுவா?”

கோவிந்தன் நெளிந்தார். “ஃபேன் சார். காத்தாடி. அவசரத்துல எழுதினது.”

டைப்பிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேம்புலிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அந்த மனிதர் நிஜமாகவே ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். தான் எழுதிக் கொடுத்தது ‘கோபத்தீ’ என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள்.

உலகநாதன் எழுந்தார். குரல் மிருதுவாக இருந்தது. “நீ கோபத்தீன்னு எழுதினதா சொல்றே. இருக்கட்டும். அவர் அப்படிப் பேசினாரா? நீ அங்கதானே நின்னே. ஆமாவா, இல்லையா?”

அதுதான் அவள் பயந்த கேள்வி. ‘ஆமா’ என்று ஒரு சொல் போதும். கோபத்தீ என்று எழுதிப் பார்த்த காகிதம் அவள் பையில் இருக்கிறது. கோவிந்தன்தான் அவசரத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டார் என்றாகிவிடும். கோதண்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள்.

“இல்ல சார்” என்றாள். “கோபம்ங்கறத உட்டுட்டாரு. தீன்னுதான் சொன்னாரு.”

கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகநாதன் அதிகாரியைப் பார்த்துத் திருப்தியோடு உட்கார்ந்தார். “அவ்வளவுதான் சார், கம்பெனி தரப்புல.”

“நான் இன்னும் முடிக்கல சார்.” வேம்புலியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “கோவிந்தன் சாரக் கேக்கணும். சார், நெசமா ஒரு எடம் பத்தி எரிஞ்சா, நீங்க ஃபேன் போட்டு அணைப்பீங்களா?”

“அதெப்படி? ஃபேன் போட்டா இன்னும்தானே பத்திக்கும்.”

“தண்ணி லாரி வேணாம்னு சொல்வீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப, தண்ணியும் வேணாம், ஃபேன் போட்டா அணைஞ்சிடும்னு அவரு சொன்னாரே, அது எந்தத் தீ சார்?”

கோவிந்தன் உலகநாதனைப் பார்த்தார். உலகநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

“பதில் சொல்லுங்க” என்றார் அதிகாரி.

“அது… பொம்பளைங்க ஃபேன் கேட்டாங்க சார். குடுக்கலன்னு கோவமா இருந்தாங்க. அதைத்தான்…” கோவிந்தன் நிறுத்திக்கொண்டார். நிறுத்துவதற்குள் டைப்பிஸ்ட் அடித்து முடித்திருந்தாள்.

அதிகாரி நோட்டை அவள் பக்கம் திருப்பினார். “இப்படிப் பேசறதுக்கு ஏதாவது பேர் உண்டாம்மா?”

“பிறிதுமொழிதல் சார். சொல்ல வந்தத மறைச்சிட்டு இன்னொன்னச் சொல்றது. கோபத்தீன்னு நான் எழுதுனது உருவகம். அவரு உட்டுட்டதால இப்பிடி ஆயிடுச்சி. ஆனா ரெண்டுலயும் தீன்னா கோபம்தான். அடுத்த வரியச் சேத்துப் படிச்சா தெரியும். தனியா வெட்டி எடுத்தா தெரியாது.” ஒரு மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். “வெட்டி எடுத்தா எல்லாருக்கும் தப்பாத்தான் தெரியும் சார். நான் அத யோசிக்காம எழுதிட்டேன்.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அவளுக்குத் துலுக்கானத்தின் கட்டுப்போட்ட கைகள் நினைவில் இருந்தன.

அறிக்கை வர ஆறு வாரம் ஆனது. மிரட்டியதாகவும் தூண்டியதாகவும் சொன்னது நிரூபணமாகவில்லை. அனுமதியில்லாமல் கேட்டில் கூட்டம் போட்டதற்கு மட்டும் எச்சரிக்கை. அதற்குள் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் வந்திருந்தது: சுவிட்ச் போர்டில் மின்கசிவு. வேம்புலி அந்தச் செய்தியைக் கேட்ட இடத்திலேயே, மெஷின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செப்டம்பர் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். தகுதிகாண் காலத்தில் பணி திருப்திகரமாக இல்லை. நாளை முதல் வர வேண்டாம். புது வார்னிஷ் ரூமில் ஃபேன் மாட்டிய வாரத்தில்தான் அதுவும் நடந்தது. கோதண்டம் அவளுக்காகக் கேட் மீட்டிங் போட்டார். எழுதித் தர ஆளில்லாததால் அந்த முறை சொந்தமாகவே பேசினார். நாலு வரியோடு இறங்கிவிட்டாராம். வழக்கும் போட்டார்கள். அது மூன்று வருடம் இழுத்துத் தோற்றது.

தங்கவேல் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவனே பாடியில் பழுதான மோட்டாருக்கு மறுபடி காயில் சுற்றி ரீவைண்டிங் செய்யும் ஒரு சின்னக் கடையில் விசாரித்து அவளைச் சேர்த்துவிட்டான். 1989-ல் பி.ஏ. முடித்தாள். ரீவைண்டிங் வேலையை மட்டும் விடவில்லை. அதற்குள் எஸ்டேட்டில் ஒரு பேச்சு பரவியிருந்தது: சார்ஜ் ஷீட் வந்தால் வெள்ளானூர் வேம்புலியம்மாளிடம் காட்டு, எந்த வார்த்தையில் பிடி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சைக்கிள்கள் நிற்கும். கோதண்டமும் சில பேரை அனுப்பினார். அந்த ‘இல்ல சார்’ பற்றி மட்டும் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

1993-ல் நாகப்பன் என்று ஒருவன் வந்தான். பாடியில் ஒரு பட்டறையில் வெல்டர். ‘கையை உடைச்சிடுவேன்’ என்று ஃபோர்மேனை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு.

“கோவத்துல சொல்றதுதானேக்கா. அது இன்னாவோ, உயர்வுன்னு ஒண்ணு கீதாமே, அதுன்னு எழுதிக் குடு.”

வேம்புலி தாளை மடித்து வைத்தாள். “சொல்லும்போது கையில இன்னா வெச்சிகினு இருந்த?”

நாகப்பன் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தான்.

“கேக்கறேன் இல்ல?”

“இரும்பு ராடு.”

“வெறுங்கையோட சொல்லியிருந்தா எழுதுவேன். ராடோட சொன்னது உயர்வு நவிற்சி இல்லப்பா. போய் அந்தாளாண்ட மன்னிப்புக் கேளு.”

அவன் கத்தினான். நீயும் கம்பெனிக்காரன் கட்சியா என்றான். சைக்கிளை உதைத்துத் திருப்பிக்கொண்டு போனான். மூன்றாவது நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றான். வேம்புலி அவர்களை உள்ளே உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். நடந்ததை நடந்தபடியே சொல்லச் சொன்னாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னான். சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிப் படித்துக் காட்டி, “இதுதானே?” என்று கேட்டு, அவன் தலையாட்டிய பிறகே அடுத்ததை எழுதினாள்.